மோப்பம் மாமாவின் சோப்புக் குவளை

என் அக்கா புருஷனுக்குப் பட்டறையில் மோப்பம் என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொல்ல மாட்டார்கள், என்னைத் தவிர. மச்சான் என்கிற உரிமையில் நான் சொல்லலாம். கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பூத் என்கிற கண்ணாடி அறையின் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வரப் பார்க்கிறவர்களின் தலையையும் கையையும் முகர்ந்து பார்ப்பது அவர் வழக்கம். "தலையில என்ன தேச்சிருக்க? போ, கழுவிட்டு வா" என்று ஒரே போடு போடுவார். வண்டிக்குச் சொந்தக்காரராக இருந்தாலும் அதே மரியாதைதான்.

இது கிறுக்குத்தனம் இல்லை. முடி மினுங்கும், தோல் வழவழக்கும் என்று சொல்லி விற்கிற கிரீம், ஜெல், லோஷன் பலவற்றில் சிலிக்கோன் என்று ஒரு சனியன் இருக்கிறது. கண்ணுக்கே தெரியாத அளவு தகரத்தில் பட்டால் போதும், அந்த இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் விலகி வட்ட வட்டமாகக் குழி விழும். நடுவில் புள்ளி, சுற்றி வளையம். நாங்கள் அதை மீன்கண் என்போம். மீன்கண் விழுந்த கதவைத் தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதலாளி வாயிலிருந்து அன்றைக்கு என்னவெல்லாம் வரும் என்பதை இங்கே எழுத முடியாது.

அதனால் மாமா சவரத்துக்குக்கூட டியூப் கிரீமையோ, அழுத்தினால் புஸ்ஸென்று வருகிற டப்பா நுரையையோ தொட்டது கிடையாது. கனமான ஒரு பீங்கான் குவளை, அதன் அடியில் வட்டமாகச் சவரச் சோப்பு, ஒரு பிரஷ். அவ்வளவுதான் அவர் சொத்து. காலையில் பட்டறைக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, குழாயடியில் நின்று மழித்துக்கொள்வார். இதிலும் காரணம் உண்டு. பெயிண்ட் அடிக்கும்போது போடுகிற முகமூடியின் ரப்பர் விளிம்பு வெறும் தோலில் ஒட்டி உட்கார வேண்டும். இடையில் தாடி இருந்தால் அந்த வழியாகப் பெயிண்ட் புகை உள்ளே போய் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும்.

நான் டிங்கர். நசுங்கியதைத் தட்டி நிமிர்த்துவது என் வேலை. பெயிண்டர்களைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது. நாங்கள் தோள் கழலத் தட்டி வைத்ததன்மேல் அவர்கள் கலரைப் பூசிவிட்டுப் பேரை வாங்கிக்கொண்டு போவார்கள். ஆனால் மாமா நுரை அடிப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். இடது கையில் குவளை, வலது கையில் பிரஷ். டீக்கடையில் டீ ஆற்றுகிறவர் மாதிரி, கையைப் பார்க்காமலே ஊர்க்கதை பேசிக்கொண்டு சுழற்றுவார். நுரை வெண்ணெய் போலத் திரண்டு வரும். பிரஷைக் கவிழ்த்துப் பிடித்தாலும் ஒரு சொட்டு கீழே விழாது.

அந்த வலது கை போய்விட்டது. கை இருக்கிறது, தோளிலிருந்து தொங்குகிறது, அவ்வளவுதான். மழையில் பைக் வழுக்கி விழுந்ததில் தோள்பட்டை நரம்பு அறுந்துவிட்டது. இனிமேல் இந்தக் கையை எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். மாமா அழவில்லை. இடது கையைக் கண்முன் தூக்கி, விரல்களை மடக்கி மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கைக்கு வேலை கொடுக்க ஆரம்பித்தார். ஸ்ப்ரே கன்னை எடுத்து வரச் சொன்னார். வெறும் தண்ணீரை ஊற்றிப் பின்பக்கச் சுவரில் அடித்து அடித்துப் பழகினார். சுவர் எந்நேரமும் ஈரமாகவே இருந்தது. வீட்டுக்காரர் வந்து என்ன கூத்து இது என்று கேட்டபோது, "சுவர் காய்ஞ்சு போயிருந்துச்சு சார்" என்று முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார். கோடு கோணாமல், ஓரிடத்தில் வழியாமல், கடைசியில் இடது கையும் வலது கை மாதிரியே பக்கவாட்டில் ஓடக் கற்றுக்கொண்டது.

முதலாளி மோசமான ஆள் இல்லை. வீட்டுக்கே வந்து பேசினார்.

"அடுத்த வாரம் புதுப் பெயிண்டர் ஒருத்தன் வரான். அதுக்கு முன்னாடி நீ ஒரு கதவு அடிச்சுக் காட்டு. சரியா வந்தா பூத் உன்னோடது. வரலைன்னா ஸ்டோரைப் பாத்துக்கோ. சம்பளத்துல நான் கை வைக்க மாட்டேன்."

"ஸ்டோர்ல என்ன வேலைங்க?"

"உக்காந்த வேலைதான். உப்புத்தாள், டேப், தின்னர் எல்லாம் கேக்கறவங்களுக்கு எடுத்துக் குடுக்கணும்."

மாமா தலையாட்டினார். முதலாளி தெருமுனையைத் தாண்டியதும் என்னிடம் திரும்பினார். "உப்புத்தாள் எடுத்துக் குடுக்கவாடா நான் பொறந்தேன்?" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கன் பழகிவிட்டது. பாக்கி இருந்தது தாடி. ஆஸ்பத்திரியில் வளர்ந்த தாடியோடு முகமூடி போட முடியாது. சலூனுக்குப் போகலாம் என்றால் அங்கே முகத்தில் கிரீம், மழித்த பிறகு லோஷன், போதாக்குறைக்குத் தலையைச் சுற்றி ஸ்ப்ரே. அக்கா மழித்துவிடுகிறேன் என்றாள்.

"நாளைக்கு பெயிண்ட் அடிக்கும்போதும் நீயேதான் வந்து கையைப் பிடிப்பியா?" என்று கேட்டு அவள் வாயை அடைத்துவிட்டார்.

பட்டறையில் இருந்த குவளையையும் பிரஷையும் நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். அங்கிருந்து ஆரம்பித்தது ரோதனை.

ஒற்றைக் கையால் பிரஷைச் சுழற்றினால் குவளையும் சேர்ந்து சுழன்றது. அடியில் ஈரத்துணி விரித்தார், துணியோடு நகர்ந்தது. நான் இரும்பில் ஒரு வளையம் பற்றவைத்துத் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அக்கா வீட்டில் துணி தைப்பவள். அவளுடைய தையல் மெஷின் மேசை இழுப்பறையைத் திறந்து, குவளையை உள்ளே நிற்கவைத்து, இடுப்பால் நெருக்கிப் பிடித்துக்கொண்டார். குவளை அசையவில்லை. ஆனால் நூல்கண்டெல்லாம் சோப்புத் தண்ணீரில் குளித்தது. அக்கா ஒரு வார்த்தை சொல்லாமல் நூல்கண்டுகளை எடுத்து ஜன்னலில் காயவைத்தாள். அவள் பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

குவளை நின்றது, நுரைதான் நிற்கவில்லை. முன்பு செய்ததையெல்லாம் மாமா வரிசை தப்பாமல் செய்தார். சோப்பின்மேல் ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டு ஊறவைத்துவிட்டு முகம் கழுவப் போவார். பிரஷை நனைத்து நன்றாக உதறுவார். மெதுவாகச் சுழற்ற ஆரம்பிப்பார். பெரிய பெரிய கொப்புளமாக ஏதோ கிளம்பும், முகத்தில் தடவினால் கன்னத்தைத் தாண்டுவதற்குள் அடங்கிப்போகும். மிஞ்சுவது வெள்ளையாக ஒரு பிசுக்கு. கூடச் சோப்பு எடுத்தால் தோல் இழுத்தது, கூடத் தண்ணீர் விட்டால் கழுத்தில் வழிந்தது. நுரை மெத்தை மாதிரி நின்றால்தான் பழகாத கை ரேசரைத் தைரியமாக இழுக்க முடியும். இவர் காய்ந்த தோலில் இழுத்தார். தாடையில் ஒரு வெட்டு, மூக்கின் கீழே ஒரு வெட்டு.

"வலது கை சுத்தின சுத்து இதுக்கு வரல" என்று இடது கையைப் பார்த்துச் சொன்னார். "கன் பிடிக்கத் தெரியுது, பிரஷ் பிடிக்கத் தெரியல. தண்டக்கை."

வேறொருவராக இருந்தால் விட்டிருப்பார்கள். இவர் காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை என்று உட்கார்ந்துவிட்டார். மழிக்கத் தாடி இல்லாத நேரத்திலும் நுரை மட்டும் அடித்துப் பழகினார். மணிக்கட்டில் சுழற்றிப் பார்த்தார், முழங்கையில் சுழற்றிப் பார்த்தார், இடமிருந்து வலம், வலமிருந்து இடம். கை வீங்கியது. அக்கா அதற்கு ஒத்தடம் கொடுத்தாள். அதை மட்டும் அனுமதித்தார்.

கதவு அடிக்க வேண்டிய நாள் வந்தது. காலையில் நான் அவரைக் கூட்டிப் போக வந்தபோது வீட்டுக்குள் சிரிப்புச் சத்தம். உள்ளே போனால் மாமாவின் முகம் பாதி நுரைக்குள் இருந்தது. நிஜமான, அடர்ந்த, நிற்கிற நுரை!

"பாத்தியாடா மச்சான்! வந்துடுச்சு. கை பழகிடுச்சு!"

ஒரு வெட்டில்லாமல் மழித்து முடித்தார். எனக்கும் சந்தோஷம்தான். அக்கா மட்டும் அடுப்படியிலிருந்து வெளியே வராமல் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

பட்டறையில் முகமூடி கச்சிதமாக உட்கார்ந்தது. கையுறை மட்டும் வம்பு செய்தது. ஒரு கையால் அதே கைக்குக் கையுறை போடுவது நடக்கிற காரியமா? பல்லால் இழுத்துப் பார்த்தார். நான் மாட்டிவிடுகிறேன் என்று கிட்டே போனேன்.

"நான் என்ன கைக்குழந்தையா? விடு, வெறுங்கையாலேயே பண்ணிக்கிறேன்."

தூசி எடுக்கிற ஒட்டுத்துணியால் கதவை வெறுங்கையோடு துடைத்தார். கன்னை எடுத்தார். கண்ணாடிக்கு வெளியே நானும் முதலாளியும் நின்று பார்த்தோம். இடது கை பக்கவாட்டில் சீராக ஓடியது. கதவின்மேல் நீலம் ஒரே மாதிரி படர்ந்தது. நெஞ்சு கொள்ளாமல் முதலாளியின் தோளில் தட்டப் போய், கையை இழுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கதவின் நடுவில் முதல் குழி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் துணி போன வழியெல்லாம் குழி. மீன் குழம்புச் சட்டியைத் திறந்தது போல அத்தனை கண்ணும் எங்களைப் பார்த்தன.

மாமா முகமூடியைக் கழற்றினார். கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இடது கையை மெல்ல மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தார். ஊரார் தலையையெல்லாம் முகர்ந்தவர் தன் கையை முகர்ந்து நின்ற அந்த நிமிஷம், என்னால் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"எப்படிடா ஆச்சு?" என்றார் முதலாளி.

"என் கையாலதான் ஆச்சு" என்றார் மாமா.

முதலாளி பெருமூச்சு விட்டுச் சட்டைப்பையிலிருந்து ஸ்டோர் சாவியை எடுத்தார். மாமா அதை வாங்கவில்லை.

"இந்தக் கதவை எப்படியும் யாராவது திரும்ப அடிச்சாகணும். கெடுத்தவன் நான். நானே தேய்ச்சு நாளைக்கு அடிச்சுத் தரேன். அதுக்கப்புறம் குடுங்க சாவியை."

"நாளைக்குப் புதுப் பையன் வரானேப்பா."

"வரட்டும். நின்னு பாக்கட்டும்."

அன்று முழுக்க அந்தக் கதவை இடது கையாலேயே தகரம் தெரியத் தேய்த்தார். நான் உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றதுதான் மிச்சம்.

வீட்டுக்குப் போனதும் நேராக அக்கா முன்னால் கையை நீட்டினார்.

"மோந்து பாரு."

அக்கா முகரவில்லை. "ஷாம்பு" என்றாள். "நீங்க மூஞ்சி கழுவப் போனப்போ குவளையில கொஞ்சம் பிழிஞ்சேன்."

"உன் தலை வாசனை. கூடவே இருக்கிறதால என் மூக்குக்கு எட்டவே இல்ல." அலமாரியிலிருந்து அந்த ஷாம்பு பாட்டிலை எடுத்து வந்து வெளிச்சத்தில் பிடித்தார். "இதுல என்ன போட்டிருக்கான்னு படிச்சியா? பட்டு போல் மினுமினுக்கும் கூந்தல். எதனால மினுமினுக்கும்? உன் அப்பன் வீட்டு எண்ணெயாலயா?"

அப்பா எனக்கும் அப்பாதான் என்பதால் நான் தொண்டையைச் செருமினேன். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

"கழுவறதுக்குத்தானே ஷாம்பு, கழுவினா போயிடும்னு நெனச்சேன்" என்றாள் அக்கா. அதுவரை அடக்கி வைத்திருந்தது அப்போது உடைந்தது. "வேற என்ன பண்ணச் சொல்றீங்க? தினமும் மூஞ்சியெல்லாம் ரத்தத்தோட வந்து நிப்பீங்க. நான் பாக்கணும், ஆனா தொடக் கூடாது. பிரஷைப் பிடிக்கறேன்னா கத்துவீங்க, சட்டைப் பட்டன் போட்டு விடறேன்னா முறைப்பீங்க. நேரா வந்தா விட மாட்டீங்கன்னுதான் திருட்டுத்தனமா பண்ணேன். போதுமா?"

சத்தம் போடப் போகிறார் என்று நினைத்தேன். மாமா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் ஷாம்பு பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன்மேல்தான் அவருக்குக் கோபம் என்பது அப்போது எனக்குப் புரிந்தது.

"முதலாளிக்கு என் கை தப்புன்னுதான் தெரியும். அப்படியே இருக்கட்டும்" என்றார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை பட்டறையில் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. மாமா தாடி முளைத்த முகத்தோடே வந்திருந்தார். பையிலிருந்து குவளையை எடுத்தார். சோடா உப்புப் போட்டுக் கொதிக்கவைத்துக் கழுவியது. உள்ளே புதுச் சோப்பு, கூடப் புதுப் பிரஷ். என் மேசைக்கு வந்து, என்னைக் கேட்காமலே, குவளையைத் துணியில் சுற்றி என் இரும்புப் பிடிப்பானின் இரண்டு தாடைக்கு நடுவில் வைத்துத் திருகினார்.

"உடைஞ்சிடப் போகுது மாமா!"

"உடைஞ்சா உன் டிங்கர் வேலையைக் காட்டு."

ஆட்கள் ஒவ்வொருவராகக் கூடிவிட்டார்கள். புதுப் பெயிண்டரும் தோள்பையோடு வந்து ஓரமாக நின்றான். தலைமுடி பளபளவென்று இருந்தது. முதலாளி ரூமிலிருந்து எட்டிப் பார்த்தார். மாமா யாருக்கும் மறைக்கவில்லை. வெட்டு விழுந்தால் எல்லோர் எதிரிலும் விழட்டும் என்று முடிவு செய்துவிட்டார் போல. குழாயில் தண்ணீர் பிடித்து டீ போடுகிற கெட்டிலில் சூடாக்கினார். சோப்பின்மேல் ஒரு ஸ்பூன் விட்டார், முகம் கழுவினார். பிரஷை நனைத்து, உதறி, சுழற்ற ஆரம்பித்தார்.

முதலில் பசை மாதிரி வந்தது. மாமா பிரஷின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுத் தொட்டு மறுபடி சுழற்றினார். பசை வெளுத்தது, பருத்தது, குவளை விளிம்புக்கு ஏறியது. பிரஷைத் தூக்கினார். ஒரு முழுக் கவளம் அதில் உட்கார்ந்திருந்தது. கவிழ்த்தார். விழவில்லை.

மாமா அப்படியே நின்றார். குவளையைப் பார்த்தார், கெட்டிலைப் பார்த்தார், கடைசியில் குழாயைப் பார்த்தார்.

"டேய் மச்சான், தண்ணிடா!"

"என்ன மாமா?"

"இங்க வர்றது நல்ல தண்ணி. வீட்டுல போர் தண்ணி, ஒரே உப்பு. உங்க அக்கா துணிக்கு எத்தனை பவுடர் கொட்டறா! நான் இத்தனை வருஷம் ஷேவ் பண்ணது இந்தக் குழாயடியில. உப்புத் தண்ணியில எந்தச் சோப்புடா நுரைக்கும்?" சிரிக்க ஆரம்பித்தார், சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது. "பாவம், இந்தக் கையைப் போய் என்னவெல்லாம் திட்டினேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஷாம்பு உப்புத் தண்ணீரிலும் நுரைத்துவிடும், சோப்புதான் நுரைக்காது. அந்த வீட்டுக் குழாயில் நானும் கை கழுவியவன்தான். அக்கா அதே தண்ணீரோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள். ஆனால் அவர் இழுப்பறை முன்னால் நின்ற அத்தனை நாளும் நாங்கள் மூன்று பேரும் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாமா முகம் நிறைய நுரை பூசிக்கொண்டார். கன்னத்தில் நின்ற நுரை அவசரப்படாமல் நின்றது. ரேசர் அதற்குள் வழி போட்டுக்கொண்டு போனது. கழுத்து வரை மழித்து, வெறும் தண்ணீரில் கழுவி, துடைத்தார். ஒரு வெட்டில்லை. தன் கையை முகர்ந்தார். என் மூக்குக்கும் நீட்டினார். சோப்பு வாசனை தவிர ஒன்றுமில்லை என்றேன்.

பூத் வாசலில் ஒரு கையுறையை எடுத்தார். பல்லுக்குக் கொண்டுபோனவர் நிறுத்தினார். என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"மாட்டி விடு."

விரல் விரலாக மாட்டிவிட்டேன்.

உள்ளே போய்க் கதவைத் துடைத்தார், கன்னை எடுத்தார். நேற்றைப் போலவே நீலம் படர்ந்தது. நான் கதவின் நடுவையே பார்த்தேன். ஒரு சுற்று முடிந்தது. மேலே இன்னொரு சுற்று. அதற்கும் மேலே பளபளப்புப் பூச்சு. எங்கேயும் குழி இல்லை. மேலே எரிந்த குழல்விளக்கு கதவுக்குள் ஒரு நெளிவில்லாமல் நேராகத் தெரிந்தது.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. பூத் கதவைத் திறந்துகொண்டு கிட்டே போய்ப் பார்க்கக் குனிந்தார். மாமா அவருக்கும் கதவுக்கும் நடுவில் வந்து நின்றார். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கி, முதலாளியின் தலைக்கு நேராக மூக்கைக் கொண்டுபோனார்.

"தலையில என்ன தேச்சிருக்கீங்க?"

"அது... பையன் வாங்கிக் குடுத்தான். என்னவோ ஜெல்லு."

"வெளிய போங்க. பெயிண்ட் இன்னும் காயல."

முதலாளி ஒரு நிமிஷம் மாமாவைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு தலையில் கையை வைத்து மூடிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தார். என் பக்கத்தில் இருந்த புதுப் பெயிண்டர் மெல்லத் தன் முடியைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்துக்கொண்டான்.

முதலாளி கண்ணாடியில் விரலால் தட்டினார்.

"நாளைக்கு ஒரு வண்டிக்குக் கூரை முழுக்க அடிக்கணும். சீக்கிரம் வந்துடுவியா?" என்று வெளியிலிருந்தே கத்தினார்.

மாமா உள்ளிருந்து தலையாட்டினார். நான் என் மேசைக்குப் போய் அந்தக் குவளையைப் பிடிப்பானிலிருந்து கழற்றி, கழுவி, குழாயடியில் அது எப்போதும் இருக்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்தேன்.